அண்டங்காக்கையும் ஒரு ‘இந்தா’வும்

போன வாரம் கிணற்றில் விழுந்த எருமையைப் பாதியில் விட்டிருந்தேன். எருமை பிழைத்துக்கொண்டது. அதற்கு மேல் அதில் கதை இல்லை. மாட்டு டாக்டர் எழுதும் தொடர் என்றால் வாராவாரம் மாடுதான் வர வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இந்த வாரம் காக்கை.

எங்கள் அரியலூர் வீட்டு மொட்டை மாடியில் அன்றைக்கு வெயில் உள்ளங்காலைச் சுட்டது. கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு நுனி இலை. இலையில் சோறு, அதன் மேல் சாம்பார், பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கரண்டி பாயசம், ஓரத்தில் உளுந்து வடை. என் மனைவி தனலெட்சுமிக்கு முதல் வருடத் திதி. கீழே கூடத்தில் புதுப்புடவை வைத்துப் படையல் போட்டாயிற்று. காக்கை வந்து வாய் வைத்தால் நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்காரலாம்.

காக்கை வரவில்லை.

தனத்தின் தம்பி கலியமூர்த்தி திருமழபாடியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். ஆற்றங்கரையில் வளர்ந்தவன், தொண்டை பெரிசு. “கா... கா...” என்று அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

“மாமா, நான் கூப்புட்டா கொள்ளிடத்துக்கு அந்தாண்ட இருக்குற காக்காகூட வரும். இந்த ஊரு காக்காவுக்குக் காது அடச்சுப் போச்சு போலருக்கு” என்றான்.

“லாரிச் சத்தத்துல அடச்சிருக்கும்” என்றேன்.

என் அக்கா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைக்காரி, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். பசியில் அவள் வாய் சும்மா இருக்காது.

“உசுரோட இருந்தப்ப என்ன கொற வச்சானோ. மனசு ஆறாமத்தான் வரமாட்டேங்குது” என்று பொதுவாகச் சொன்னாள். பொதுவாகச் சொன்னாலும் அது எனக்குத்தான் என்று மாடியில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

காக்கைக்குத் திதி தெரியாது, பசி மட்டும்தான் தெரியும் என்று ஊர் ஊராகப் பேசியவன் நான். கல்யாண வீடு, கருமாதி வீடு பார்க்காமல் பேசியிருக்கிறேன். அன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை. ஆனால் தனம் வர வேண்டும் என்று இருந்தது. இந்த வயசில், இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் வந்து அந்த வடையை எடுக்க வேண்டும். அதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்த வெயிலில் நிற்கத் தயாராக இருந்தேன்.

மஞ்சப்பையில் வந்த அப்பா

வானத்தைப் பார்த்து நின்றால் பழசெல்லாம் வரிசை இல்லாமல் வரும். எனக்கு வேப்பந்தட்டைப் பக்கம் வேலை பார்த்த காலம் ஞாபகம் வந்தது.

மேற்கே பச்சைமலை தெரியும். ஆஸ்பத்திரி என்றால் ஓர் அறை, ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்ட ஓர் இரும்புச் சட்டம். அதை ஒட்டி எங்கள் குடியிருப்பு. மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த சமயம், காலையில் ஒரு விவசாயி மஞ்சப்பையோடு வந்து நின்றார். பை அசைந்தது.

“என்ன, கோழியா?”

“இல்லைங்க சார்.” சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எங்கப்பாங்க.”

“நான் மாட்டு டாக்டருய்யா. மனுசனுக்கு வைத்தியம் பாத்தா என்னை உள்ள தூக்கி வச்சிருவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் அண்டங்காக்கை. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வரும் காக்கைக்குக் கழுத்து சாம்பலாக இருக்கும். இது அது இல்லை. இது உச்சி முதல் வால் வரை கறுப்பு, அலகு தடிப்பு, குரலில் ஒரு கரகரப்பு. வெயிலில் பிடித்தால் அந்தக் கறுப்பில் ஊதா மின்னும். அதன் ஒரு காலில் நைலான் வலை எலும்பு வரை இறங்கியிருந்தது.

“சோளத்துக்கு வல கட்டியிருந்தேன் சார், கிளி, மயிலெல்லாம் வருதுன்னு. நேத்து அமாவாச. கொல்லையிலயே சோறு வச்சுக் கூப்புட்டேன். இவருதான் வந்து சாப்புட்டாரு. காலையில போய்ப் பாத்தா வலையில தொங்குறாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சோத்தப் போட்டுக் கூப்புட்டு வலையில மாட்டிவுட்டுட்டேன் சார், பெத்தவர.”

அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழாமல் நின்றார். வலையை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி மருந்து வைத்தேன். கால் கறுத்துவிட்டது, காக்கையும் சோர்ந்துவிட்டது, தேறாது என்று பார்த்ததும் தெரிந்தது. அதற்குள் பக்கத்து ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடப்பதாக ஆள் வந்துவிட்டது. பைக்கை எடுத்தேன். வாசலில் தனம் ஈரக்கையோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் போல.

“இங்க குடுங்க, நான் பாத்துக்குறேன்” என்று அவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

நான் திரும்பி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்பங்கரையில் தனம் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துக் காக்கையை வைத்திருந்தாள். கையில் டீஸ்பூன். ஸ்பூனில் கஞ்சி.

“இன்னும் ஒரு வாய் குடிங்க பெரியவரே. புள்ள வாசல்லயே கெடக்கு பாருங்க. ஒங்களுக்காகத்தான் ஒரு வாய் சாப்புடல அது.”

“இந்தா, அது காக்கா” என்றேன்.

“தெரியும். அவரு அப்பான்னு சொல்றாரு. சொல்லிட்டுப் போறாரு, எனக்கென்ன நட்டம்?”

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் காக்கையின் தலை அவள் முழங்கையில் சாய்ந்தது. அவளே எழுந்து போய்ச் சொன்னாள். கடைசியில் வலி இல்லை, ரெண்டு வாய் கஞ்சி இறங்கியது என்றாள். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “எதாச்சும் சொன்னாருங்களா?” என்று கேட்டார்.

காக்கை என்னய்யா சொல்லும் என்று நான் வாயெடுப்பதற்குள் தனம் முந்திக்கொண்டாள். “வலைய அவுத்துடச் சொன்னாரு.”

அந்த வருடம் அவர் சோளத்தில் பாதி கிளிக்குப் போய்விட்டதாக ஊரில் பேச்சு. அவர் எங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. தை பிறந்ததும் ஒரு சாக்குக் கதிரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

“வாய் கூசாமப் பொய் சொல்றியே” என்று காக்கை செத்த அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்.

“பொய்யா? வல சுத்திச் செத்தது வேற என்னத்தச் சொல்லும்?” என்றாள். ரசத்தை ஊற்றச் சொன்னேன்.

என்னைக் கொலைகாரனாக்கிய டிரான்ஸ்பார்மர்

பிறகு பெரம்பலூருக்கு மாற்றல். தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர். ஒருநாள் அதில் ‘டப்’ என்று சத்தம், தெருவுக்கே கரண்டு போனது. போய்ப் பார்த்தால் கீழே ஓர் அண்டங்காக்கை, இறகு கருகிய நாற்றத்தோடு துடித்துக்கொண்டிருந்தது. கையில் எடுத்தேன். எடுத்த கையிலேயே உயிர் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஊர்க் காக்கை மொத்தமும் கூடிவிட்டது. என் கையில் செத்த காக்கை. விசாரணையே இல்லாமல் என்னைக் கொலைகாரன் என்று முடிவு கட்டிவிட்டன. மறுநாள் வாசலில் கால் வைத்ததும் தலையில் ஒரு கொத்து. அதற்கு மறுநாளும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோக ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போனேன். வண்டி இல்லாமல் ஹெல்மெட்டோடு நடந்துபோகிற டாக்டரை டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

தனத்தை மட்டும் அவை தொடவில்லை. தினமும் மத்தியானம் மாடியில் சோறு வைப்பவள் அவள்தானே. அவள் கா கா என்று கத்த மாட்டாள். “வாங்க, வாங்க மாமா, சாப்புட வாங்க” என்பாள். அந்த மாமா செத்துப்போன என் அப்பா. அவர் உயிரோடு இருந்தபோது இருவருக்கும் பேச்சுவார்த்தையே அவ்வளவாகக் கிடையாது. குழம்பில் உப்பு கூடினால் அவர் என்னிடம் சொல்வார், நான் அவளிடம் சொல்ல வேண்டும்.

“எங்க அப்பா இருந்தப்ப இந்த மரியாதையில கால்வாசி குடுத்திருக்கலாம்” என்று கிண்டல் செய்வேன்.

“அப்ப அவரு கத்துவாரு. இப்ப அவரு கத்துனாலும் கேக்க நல்லாருக்கு” என்பாள்.

என் மேல் காக்கைகளுக்கு இருந்த கோபத்தை அவள்தான் தீர்த்து வைத்தாள். என்னை மாடிக்கு இழுத்துப்போய்ப் பக்கத்தில் நிறுத்தி, என் கையாலேயே சோற்றை வைக்கச் சொன்னாள். “இங்க தின்னுட்டு எங்க வூட்டுக்காரரையே கொத்துறீங்களே, நல்லாவா இருக்கு?” என்று அவற்றிடம் நியாயம் கேட்டாள். சில நாளில் கொத்து நின்றது.

“மூஞ்சியப் பாத்து வச்சுக்கிட்டாங்க. காக்காவுக்கு மூஞ்சி மறக்காது” என்றவள், தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: “நான் காக்காவா வந்தா ஒங்க மூஞ்சிய எனக்குத் தெரிஞ்சிரும். என்னைய நீங்க கண்டுபுடிப்பீங்களா?”

“எந்தக் காக்கா மொதல்ல வடையத் தூக்குதோ அது நீதான்.”

அவளுக்கு உளுந்து வடை என்றால் அப்படி ஓர் ஆசை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆசைப்பட்டதைத் தனியாகத் தின்னத் தெரியாதவள். மாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனால் நான் எப்போது வருவேன் என்று எனக்கே தெரியாது. வந்து பார்த்தால் அடுப்பங்கரை மேடையில் ஒரு கிண்ணம் கவிழ்த்து வைத்திருக்கும். அதற்கடியில் எனக்கு வடை. வீட்டுக்கு எத்தனை பேர் வந்து சட்டியைக் காலி செய்தாலும் அந்தக் கிண்ணத்தை யாரும் தொட முடியாது. பெற்ற மகள் அமுதா கேட்டால்கூட, “அது அப்பாவுது, ஒனக்கு வேணும்னா புதுசா சுட்டுத் தரேன்” என்பாள்.

கூப்பிடும் சொல்

தனலெட்சுமி என்ற பெயரை நான் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும்தான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அவள் எனக்கு ‘இந்தா’. இந்தா, தண்ணி கொண்டா. இந்தா, கண்ணாடிய எங்க வச்சேன். இந்தா, இங்க வந்து இதப் பாரேன். எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் பாதிப் பேர் இப்படித்தான், யாரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அவளும் என்னை ‘இந்தாங்க’ என்பாள்.

அமுதா பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக வேலைக்குப் போன புதிதில் இதைப் பிடித்துக்கொண்டாள். “இந்தான்னா, பிடி, வாங்கிக்கோன்னு அர்த்தம்ப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எதையோ நீட்டிக்கிட்டே இருக்கீங்க” என்று சிரித்தாள். தனம் அதைக் கேட்டு, “நான் நீட்டுறது தெரியுது. ஒங்கப்பா எதடி நீட்டுனாரு?” என்றாள்.

போன வருடம் ஒருநாள் காலையில் தனம் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். காப்பி கலக்கட்டுமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதைப் பற்றி இந்தத் தொடரில் எழுதமாட்டேன். அவள் பிறந்த திருமழபாடியில், கொள்ளிடத்தில்தான் அஸ்தியைக் கரைத்தோம். ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது.

பிறகு வீட்டில் மிஞ்சியது அந்தச் சொல்தான். பேப்பரில் ஒரு செய்தியைப் பார்த்ததும் இந்தா என்று வாய் திறந்துவிடும். கண்ணாடியைத் தேடும்போது திறந்துவிடும். இருந்தவரை அவள் அடுப்பங்கரையிலிருந்து ‘ம்?’ என்பாள். அந்த ‘ம்?’ வரும் என்று காது ஒரு நொடி காத்திருக்கும். பிறகு மின்விசிறிச் சத்தம் கேட்கும். எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள முடிந்தது, அந்த ஒரு நொடியைத்தான் முடியவில்லை.

அட்டைப்பெட்டி

அவள் போய்ச் சில மாதங்கள் ஆகியிருக்கும். அரியலூரில் நான் பால் வாங்கிக்கொண்டு வரும் வழி, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோடு. ஓரத்துப் புல்லெல்லாம் வெள்ளையாகப் பூசினாற்போல இருக்கும். இரவு அடிபட்ட நாயொன்று ரோட்டில் கிடந்தது. அதைக் கொத்தப்போன ஓர் அண்டங்காக்கையை லாரிக்காற்றோ லாரியோ தூக்கி அடித்திருக்கிறது. இடது இறக்கையை இழுத்துக்கொண்டு புழுதியில் தத்தித் தத்திப் போனது. என்னைப் பார்த்ததும் மல்லாந்து, காலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது. அந்த முறைப்பு எனக்குப் பிடித்திருந்தது.

துண்டைப் போட்டுப் பிடித்தேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தேன். எலும்பு உடைந்திருந்தது, நல்லவேளை தோலைக் கிழித்து வெளியே வரவில்லை. இறக்கையை மடக்கி உடம்போடு சேர்த்துக் கட்டினேன். காட்டுப் பறவையை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எலும்பு கூடினதும் விட்டுவிடுவதாகத்தான் எண்ணம்.

முதலில் எதையும் தொடவில்லை. அவித்த முட்டை வைத்தேன், மீன் துண்டு வைத்தேன். மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தியைக் காப்பாற்ற முடியாத கை, இன்னொன்றையும் விட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முட்டையை விரலில் பிடித்து நீட்டிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக வெடுக்கென்று பிடுங்கியது. விரல் நுனியும் சேர்ந்து போயிற்று.

அதன் துணை பின்கட்டுத் தென்னையில் வந்து உட்கார்ந்து கத்தும். உள்ளேயிருந்து இது பதில் கொடுக்கும். மழை பிடித்த சமயத்தில் அது வருவது நின்றுபோனது. இது மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். “வேற எங்கியாவது போயிருக்கும், வந்துரும்” என்று நானே சமாதானம் சொன்னேன்.

கட்டைப் பிரித்த பிறகு கூடத்தில் உலாவ விட்டேன். அதற்கு ஒரு பழக்கம். தின்றது போக மிச்சத்தை ஒளித்து வைக்கும். என் செருப்புக்குள் முட்டை. பேப்பர் கட்டுக்கு அடியில் மீன் தலை. ஒளித்துவிட்டு, மேலே ஒரு காகிதத் துண்டையோ சருகையோ இழுத்து மூடும். இரண்டடி தள்ளி நின்று சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கும். மறந்துபோய்ச் செருப்பை மாட்டிவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள்.

ஒருநாள் அமுதா பெரம்பலூரிலிருந்து வீடியோ போன் செய்தாள். நடுவில் நிறுத்தி, “யாருகிட்டப்பா பேசுறீங்க?” என்றாள்.

“யாருகிட்டயும் இல்லையே.”

“இந்தான்னு சொன்னீங்களே.”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு துண்டை நீட்டும்போதும் சொல்லியிருக்கிறேன். இந்தா, முட்டை. இந்தா, தண்ணி. சொன்னதும் அது எந்த மூலையில் இருந்தாலும் தத்திக்கொண்டு வரும். நான் போனைத் திருப்பி அமுதாவுக்குக் காக்கையைக் காட்டினேன். “இறக்க கோணையாக் கூடியிருக்கேப்பா” என்று மட்டும் சொன்னாள். உண்மைதான். உட்கார்ந்தால் இடது இறக்கை மட்டும் சட்டைக் கை தொங்குவது போலத் தொங்கும்.

விட்ட அன்று மாடிச் சுவரிலிருந்து பக்கத்து வீட்டு முருங்கைக்குப் போய், அங்கிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் போய், பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் வந்து வந்து போனது. அப்புறம் அதுவும் இல்லை. ரோட்டில் கறுப்பாக எது கிடந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மறுபடியும் மாடி

இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கலியமூர்த்தியின் தொண்டை கட்டிவிட்டது.

“மாமா, காக்கா வரலைன்னா பசுமாட்டுக்கு வச்சுருவாங்க, தப்பில்ல. ஒங்களுக்குத் தெரிஞ்ச மாட்டுக்கா பஞ்சம்?” என்றான்.

“அவ மாடா வர்றேன்னு சொல்லல.”

“பிடிவாதத்தப் பாரு” என்றாள் அக்கா.

“நீங்கல்லாம் கீழ போயிச் சாப்புடுங்க. நான் நிக்கிறேன்.”

யாரும் அசையவில்லை. அமுதா என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குத் தனத்தைத் தேடியது. கீழே புதுப்புடவைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த போட்டோவில் இருப்பவளை இல்லை, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ‘ம்?’ என்று எட்டிப் பார்ப்பவளைத் தேடியது. இலையிலிருந்து வடையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கையை வானத்துப் பக்கம் நீட்டினேன்.

“இந்தா” என்றேன்.

அங்கே இருந்த அத்தனை பேரும் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். அது யாருக்கான சொல் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல். பிறகு கறுப்பாக ஒன்று தாழப் பறந்து வந்து, சுவரில், இலைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. அண்டங்காக்கை. தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தது. இடது இறக்கை தொங்கியது.

வடையைச் சுவரில் வைத்தேன். அது சோற்றில் இரண்டு கொத்து கொத்தியது, பாயசத்தில் அலகை நனைத்தது.

“அக்கா” என்று கலியமூர்த்தி கும்பிட்ட கையோடு உட்கார்ந்துவிட்டான். அவன் தோள் குலுங்கியது. “வந்துருச்சு மாமா, எங்கக்கா வந்துருச்சு.”

அமுதா அந்த இறக்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அண்டங்காக்கைக்கு அந்தச் சொல் ஏன் தெரியும், என் முகம் ஏன் தெரியும் என்று ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். அவள் சொல்லவில்லை. கலியமூர்த்தியின் கையைப் பிடித்துத் தூக்கி, “வாங்க மாமா, அம்மா சாப்புட்டாங்க. நம்ம சாப்புடலாம்” என்று அழைத்துக்கொண்டு போனாள்.

அக்கா படியிறங்கும்போது என் தோளில் கை வைத்தாள். “கொறையெல்லாம் ஒண்ணுமில்லடா. வெளிய நின்னுருக்கா, நீ கூப்புடணும்னு” என்றாள்.

நான் மட்டும் மாடியில் நின்றேன். அது நன்றாகச் சாப்பிட்டது. பிறகு வடையைக் கவ்வியது. பறந்துவிடும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. சுவரிலிருந்து குதித்து, மாடி மூலைக்குத் தத்திப் போனது. அங்கே தளம் போட்டபோது மிஞ்சிய ஓட்டுச் சில்லுகள் கிடக்கும். ஒரு சில்லுக்கு அடியில் வடையைத் திணித்தது. முருங்கைச் சருகு ஒன்றை இழுத்து மேலே மூடியது. இரண்டடி தள்ளி நின்று சரிபார்த்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழும்பிப் போயிற்று.

மிஞ்சியதை ஒளித்து வைப்பது அந்த இனத்தின் வழக்கம். என்னைவிட யாருக்கு இது தெரியும். கொஞ்ச நேரம் நின்றேன். திரும்ப வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். வரவில்லை. கீழே பந்தி நடக்கும் சத்தம் கேட்டது.

மூலைக்குப் போய்ச் சருகை விலக்கிச் சில்லைத் தூக்கினேன். வடையில் அலகு பட்ட இடம் குழியாக இருந்தது. கொஞ்சம் மண். பறவை வாய் வைத்ததைத் தொடாதே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் பாடம் எடுத்தவன் நான். மண்ணை ஊதிவிட்டு, அங்கேயே சூடான தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். படையலுக்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று செய்ததில் உப்பு குறைந்திருந்தது.

“அப்பா, எல போட்டாச்சு. எங்க இருக்கீங்க?” என்று கீழேயிருந்து அமுதா கூப்பிட்டாள்.

வாய் நிறைய வடை. என்னால் ‘ம்’ என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.